புத்தகத்தைத் திறந்துவைத்துக் கண்ணை மூடியவர்

தெருமுனை இஸ்திரிக்காரர் இன்று கஞ்சி போட்ட துணியின் மேல் பெட்டியை வைத்தார். அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும், திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். கஞ்சியும் கரிச்சூடும் கலந்த அந்த வாசனைக்கு நம் வீட்டில் ஒரே பொருள்தான் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வெள்ளை அங்கி தயாராகிறது. எழுந்து நின்ற பிறகுதான், தேய்க்க அங்கியும் இல்லை, போட்டுக்கொள்ள நீங்களும் இல்லை என்று உறைத்தது. அங்கியோடுதானே உங்களைப் புதைத்தோம்.

நான் எப்போதும் கஞ்சியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிடுவேன். "இன்னா டீச்சரம்மா, நான் நிக்கிறனா, இல்ல அங்கி தானா நின்னுகினு கீதா?" என்று கேட்பீர்கள். ஊருக்கெல்லாம் நீங்கள் ஐயர், கோயில் நடத்தும் போதகர். எனக்கு மட்டும், நாற்பது தாண்டிய பிறகு அங்கி போடக் கற்றுக்கொண்ட வின்ச்காரர். அந்த அங்கி உங்கள் தோளுக்கு வந்து சேர நீங்கள் நடந்த நடை இருக்கிறதே, அதைக் கூடவே நடந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நானே எழுதுகிறேன். இதில் உங்களுக்குத் தெரியாதது எதுவும் இருக்காது, கடைசியில் வருவதைத் தவிர.

கல்யாணமான புதிதில் நீங்கள் துறைமுகத்தில் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். கப்பலிலிருந்து சரக்குத் தூக்கும் அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையோடு தண்டையார்பேட்டை ஜெப மண்டபத்தில் நீங்கள் ஜெபம் செய்தால், பக்கத்துக் கிடங்கில் மூட்டை அடுக்குகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். தகரக் கூரை போட்ட மண்டபம். கோபுரம் இல்லை, மணி இல்லை, ஜெபப் புத்தகமும் இல்லை. மனசில் வருவதை வந்தபடி சொல்வதுதான் அங்கே ஜெபம். சபைப் பெரியவர்களான மூப்பர்கள் உங்களைத் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டுப் பாஸ்டராக்கியதே அந்த ஜெபத்துக்காகத்தான்.

மற்றவர்கள் "பரம பிதாவே" என்று ஆரம்பித்தால், நீங்கள் ஆண்டவரை "நைனா" என்று கூப்பிட்டீர்கள். பெற்ற அப்பனைக் கூப்பிடுகிற மாதிரி. "நைனா, நம்ம ராகேல் வூட்டுக்காரு கால்ல கட்டி வந்து வேலைக்குப் போவாம குந்திகினு கீறாரு. நீ கொஞ்சம் இன்னான்னு பாரு நைனா." முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறவள் இல்லையா! ஆனால் ராகேல் அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்த பிறகு இலக்கணத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

புத்தகத்தைப் பார்த்து ஜெபிக்கிற சபைகளை நீங்கள் அப்போது சும்மா விட்டதில்லை. "ஓட்டல்ல மாட்டி வச்சிகீற பலகையப் படிச்சா வயிறு ரொம்புமா?" என்று பிரசங்கத்தில் கேட்பீர்கள். மண்டபமே சிரிக்கும். நானும் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

அப்புறம் எஸ்தர் போனாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகி, போனவர்களெல்லாம் மறுபடி திரும்பி வந்திருந்த நேரம். தொண்டை அடைப்பான் நோய். நம் ஒரே பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் தவித்தபோது நீங்கள் வராந்தாவில் முழங்காலில் நின்று, நைனா, நைனா என்று கேட்டீர்கள். பொழுது விடிந்ததும் போய்விட்டாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத இன்றைக்கும் என் கை ஓடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. எல்லோரும் உங்களுக்காகவே வந்திருந்தார்கள். நீங்கள் எழுந்து நின்று, கைகளை உயர்த்தி, கண்ணை மூடி, "நைனா" என்றீர்கள். அதோடு நின்றுவிட்டது. தகரக் கூரையில் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. உயர்த்திய கை மெல்ல இறங்கியது. சனங்கள் துக்கம் என்று நினைத்துத் தாங்களும் அழுதார்கள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம் அந்த ஒரு வார்த்தையும் வரவில்லை.

வேதம் வாசிக்க முடிந்தது. பிரசங்கம்கூட ஒப்பேற்றினீர்கள். ஜெபம் மட்டும் வரவில்லை. உபவாசம் இருந்தீர்கள். மூப்பர்கள் சுற்றி நின்று தலைமேல் கை வைத்து, தொண்டை கிழிய ஜெபித்துப் பார்த்தார்கள். மூத்த மூப்பர் தேவசகாயம் அண்ணன், நிலக்கரிக் கிடங்கு மேஸ்திரி, நம்மிடம் உயிரையே வைத்திருந்தவர், ஒரு சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பாஸ்டரே, மனசு நோவாதீங்க. ஆவியானவரு உங்கள உட்டுப் பூட்டாருன்னு சனங்க பேசிகினு கீதுங்க."

"எனக்கே அந்த பயம்தாண்ணே" என்றீர்கள்.

ஜெபம் போனால் ஊழியம் போகும், ஊழியம் போனால் மண்டபத்துக்குப் பின்னால் நாம் குடியிருந்த இரண்டு அறையும் போகும். அதெல்லாம் என் கவலை. உங்களுக்கு ஒரே பயம்தான் இருந்தது, இனி அவரோடு பேசவே முடியாமல் போய்விடுமோ என்று. எனக்கோ ஆத்திரம். ஒரு நாள் சொல்லியேவிட்டேன். "ஏங்க, முன்னாடி பண்ண ஜெபத்துல ஒண்ணையே திருப்பிச் சொல்லுங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"கேக்குறவருக்குத் தெரியுமே" என்றீர்கள்.

அந்த பதிலுக்காக அன்று உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சோற்றுத் தட்டைக்கூட ஓசைப்பட வைத்தேன். இன்று நினைத்தால், அப்படி ஒரு மனிதரோடு குடும்பம் நடத்தினேன் என்று தலை நிமிர்ந்து நடக்கத் தோன்றுகிறது. வீடும் பிழைப்பும் போகிற நேரத்தில், ஒரு பொய் ஜெபம் சொல்ல மாட்டேன் என்று எத்தனை பேர் நிற்பார்கள்?

அந்த நாட்களில்தான் நீங்கள் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போக ஆரம்பித்தீர்கள். எங்கே என்று கேட்டால், "சும்மா, நடந்துட்டு வரேன்." ஞாயிறு காலை மண்டபத்து ஆராதனை முடிந்து, சாயங்காலமானால் ஆள் மாயம். திரும்பி வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. துக்கத்தில் இருக்கிற ஆம்பளை முகம் தெளிந்து வருகிறார் என்றால் என்ன நினைப்பது? காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டேன். நம் சபை இல்லை, நம் மதமும் இல்லை. ஆனால் எஸ்தர் போனபோது என்னோடு உட்கார்ந்து அழுதவள்.

"கள்ளுக்கடைதான், வேற இன்னா?" என்றாள் அவள். "வா, போய் கையும் களவுமாப் புடிக்கலாம்."

கூடையை நம் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் முன்னால் நடக்க, நான் பின்னால். டிராம் பாதையை ஒட்டி நீங்கள் குனிந்த தலை நிமிராமல் ராயபுரம் பக்கம் போனீர்கள். கள்ளுக்கடை வந்தது. நீங்கள் அதைத் தாண்டிப் போனீர்கள். கன்னியம்மாவுக்குப் பெருத்த ஏமாற்றம். கடைசியில் லுத்தரன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தீர்கள். நாங்கள் ஜன்னலண்டை நின்று எட்டிப் பார்த்தோம். ஆராதனை நடந்துகொண்டிருந்தது. நீங்கள் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், முழங்காலில் இருந்தீர்கள்.

"அட, கோயிலுக்கில்ல வந்துகீறாரு! இதுக்கா இம்மாம் பேஜாரு பண்ணே?" என்று கன்னியம்மா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்? கள்ளுக்கடையில் பிடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பதறியிருக்காது. குடித்த பாஸ்டரை மண்டபம் மன்னித்துவிடும். புத்தகத்தைப் பார்த்து ஜெபிக்கிற இடத்தில் முழங்கால் போட்ட பாஸ்டரை மன்னிக்காது. அப்படி மன்னிக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே!

வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டேன். நீங்கள் மறைக்கவில்லை. துறைமுகத்து சிநேகிதர் ஒருவரின் அடக்கத்துக்கு அந்தக் கோயிலுக்குப் போனதாகச் சொன்னீர்கள். "ஐயரு ஜெபத்த ஒவ்வொண்ணா படிக்கிறாரு. சனங்க ஒவ்வொண்ணுக்கும் 'இரங்கும்'னு சொல்லுது. யாரும் கத்தல, யாரும் அயுவல. மூணாவது தடவையோ நாலாவது தடவையோ பாத்தா, என் வாயும் சொல்லிகினு கீது. நான் சொல்லணும்னு நெனைக்கவே இல்ல. எஸ்தரு போனப்புறம் அன்னிக்குத்தான் மொத மொத அவருகிட்ட ஒரு வார்த்தை பேசினேன்."

"என் பழைய ஜெபத்தத் திருப்பிச் சொல்லுன்னு நீ சொன்னியே, அத்த சொல்லியிருந்தா அது வேஷம். இது என் வார்த்தையே இல்ல. எப்பவோ, எவரோ, என்னாட்டம் வாய் அடைச்சுப் போனவங்களுக்காக எழுதி வச்சிட்டுப் போனது" என்றும் சொன்னீர்கள். எனக்கு அன்று பாதிதான் புரிந்தது. ஆனால் உங்கள் குரலில் மாதக்கணக்காக இல்லாத உயிர் இருந்தது. அதனால் சண்டையை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறே மண்டபத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டீர்கள். வேறொருவராக இருந்தால் உடம்பு சரியில்லை என்று ஒதுங்கியிருப்பார். நீங்கள் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "புத்தகத்தப் பாத்து ஜெபிக்கிறவங்கள நான் உங்க முன்னாடி கிண்டல் பண்ணிகீறேன். இப்ப அவங்க புத்தகம்தான் என்னத் தூக்கி நிறுத்திகினு கீது. உங்ககிட்ட மறைச்சிட்டு இந்த எடத்துல நிக்க மாட்டேன்." பின்னாலிருந்து ஒருவர் "துரோகம்" என்று கத்தினார். ராகேல் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு அழுதாள். ஓட்டல் பலகைக்குச் சிரித்த அதே முகங்கள் உங்களைப் பார்த்து இறுகிப்போயின. நீங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கைகூப்பிவிட்டு வெளியே வந்தீர்கள்.

நம் டிரங்குப் பெட்டியையும் பாத்திரங்களையும் ஏற்றிய கைவண்டியைத் தேவசகாயம் அண்ணனே தள்ளிக்கொண்டு வந்தார். ஆள் வைத்துத் தள்ளச் சொல்லியும் கேட்கவில்லை. "நீங்க ஊமையாவே இருந்திருந்தா கூட நான் வச்சி காப்பாத்தியிருப்பேன் பாஸ்டரே. சபை ஒத்துக்காதே, நான் இன்னா பண்ண?" என்று வழியெல்லாம் புலம்பினார். ஒற்றை அறை வீட்டில் சாமான்களை இறக்கிவைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

நீங்கள் மறுபடி வின்ச்சுக்குப் போனீர்கள். மற்றவர்கள் ஏறி வருகிற வயதில் நீங்கள் இறங்கிப் போனீர்கள். பழைய கூட்டாளிகள் "இன்னா மாமு, சாமி உன்னத் திருப்பி அனுப்சிட்டாரா?" என்று கேலி செய்தபோது, "ஆமா, இங்க ஆளு கம்மியாம்" என்று சொல்லிச் சிரிக்க வைத்ததாக வந்து சொல்வீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஞாயிறுதோறும் லுத்தரன் கோயிலின் கடைசி வரிசை. யாரும் உங்களைப் பாஸ்டர் என்று கூப்பிடாத இடம். எந்த ஜெபத்தையும் நடத்தச் சொல்லாத இடம். ஒரு மனிதர் தன் பெயரையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு அப்படி உட்கார முடியும் என்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பழைய பழக்கத்தில் பிரசங்கத்துக்கு நடுவே "ஸ்தோத்திரம்!" என்று ஒரு முழக்கம் போட்டுவிடுவீர்கள். மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்க்கும். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்வேன்.

அந்தக் கோயிலின் பெரிய ஐயர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். உங்கள் கதையெல்லாம் அவருக்குத் தெரியும், ஆனால் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு ஒரு நாள் நம் ஒற்றை அறைக்கு வந்தார். எண்ணூர் போகிற வழியில், உப்பளத்தை ஒட்டி ஓலைக் கோயில் ஒன்று இருக்கிறது, உபதேசியார் இல்லாமல் கிடக்கிறது, நீங்கள் போக வேண்டும் என்றார். ஐயருக்குக் கீழே ஒரு படி அந்த வேலை. நேற்றுவரை பாஸ்டராக இருந்தவரைக் கூப்பிடுகிறோமே என்று அவருக்கும் தயக்கம் இருந்தது. உங்களுக்குத் தயக்கம் அதில் இல்லை.

"எனக்கு ஜெபம் பண்ண வராதுங்க ஐயரே" என்றீர்கள்.

"வராதவர்களுக்காகத்தானே இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்" என்றார் அவர்.

நான் காபி கொண்டுவந்தபோது நீங்கள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

அந்த முதல் ஞாயிறு இருக்கிறதே! புது வெள்ளைக் கோட்டு, நான் போட்ட கஞ்சியில் பலகை மாதிரி விறைத்து நின்றது. கீழே மணல் தரை, பாயில் சனங்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், திருவொற்றியூர் தீப்பெட்டி ஆலைக்குப் போகிற பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். பாட்டு முடிந்து பாவ அறிக்கை ஜெபம். எல்லோரும் முழங்காலில். நீங்கள் நடத்த வேண்டும். புத்தகத்தைத் திறந்தீர்கள். இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தீர்கள். பிறகு, மண்டபத்தில் அத்தனை வருஷமும் ஜெபம் என்றதும் என்ன செய்வீர்களோ அதையே செய்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள்!

கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிப்பது உங்கள் உடம்புக்கே தெரியாத காரியம். புத்தகம் விரிந்து கிடக்கிறது, கண் மூடியிருக்கிறது, வார்த்தை வரவில்லை. அதே மௌனம். தகரக் கூரைக்குக் கீழே பார்த்தது எல்லாம் மறுபடியும் என் கண் முன்னால். போச்சு, இங்கேயும் போச்சு என்று நினைத்தேன். எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் முதல் வரியைச் சொல்ல ஆரம்பித்தது. உப்பு வாருகிற சாராள் அம்மாள். எழுத்து வாசனையே இல்லாதவர், ஆனால் சின்ன வயதிலிருந்து வாராவாரம் சொன்னது நாக்கிலேயே ஊறிக் கிடக்கிறது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். அப்புறம் அந்த வரிசை, அப்புறம் ஆலைப் பெண்கள், அப்புறம் அந்த ஓலைக் கோயில் முழுவதும். யாரும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஜெபம் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாதியில் உங்கள் குரல் அதற்குள் கேட்டது. கண்ணை மூடியபடியே, தாரை தாரையாகத் தண்ணீர் வழிய, அவர்களோடு சேர்ந்து முடித்தீர்கள்.

ஆராதனை முடிந்ததும் சாராள் அம்மாள் நேரே உங்களிடம் வந்தார். "இன்னா உபதேசியாரே, புக்கத் தொறந்து வச்சிகினு கண்ண மூடிக்கினா எய்த்து எப்பிடித் தெரியும்?"

கோயிலே கொல்லென்று சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். வாய்விட்டு, தோள் குலுங்க, அந்த விறைத்த கோட்டு மடமடவென்று சத்தம் போடச் சிரித்தீர்கள். எஸ்தர் போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "டீச்சரம்மா, நம்ம வூடு இதுதான்" என்றீர்கள். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு உங்களைப் பிடித்துவைக்க முடியவில்லை. மழையில் சடையங்குப்பம் மூழ்கினால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போவீர்கள். சாவு வீட்டில், மற்றவர்கள் ஆறுதல் வார்த்தை தேடித் திணறும்போது, நீங்கள் புத்தகத்தைத் திறந்து எழுதியிருப்பதை நிதானமாக வாசிப்பீர்கள். ஒரு வார்த்தை கூட்ட மாட்டீர்கள். "துக்கத்துல கீறவங்களுக்கு நம்ம சாமர்த்தியம் எதுக்கு?" என்பீர்கள். தாமதமாகத்தான் உங்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். உங்களைவிட இளையவர்களோடு வரிசையில் முழங்கால் போட்டு அந்த அங்கியை வாங்கினீர்கள். அன்று தேவசகாயம் அண்ணன் வந்திருந்தார். கோயிலுக்குள் வரவில்லை, வேப்பமரத்தடியிலேயே நின்றிருந்துவிட்டு, உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஐயரான பிறகு நீங்கள் கொடுத்த முதல் ஞானஸ்நானம் ஆலைக்காரப் பெண் ஒருத்தியின் கைக்குழந்தைக்கு. மண்டபத்து முறையில் வயது வந்தவர்களை மட்டும்தான், அதுவும் கடலில் முழுக்குவோம். குழந்தையைக் கையில் ஏந்துவது உங்களுக்குப் புதிது. ஏதோ கண்ணாடிச் சாமானைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தீர்கள். தண்ணீர் ஊற்றி, எழுதியிருந்ததையெல்லாம் வாசித்து முடித்தீர்கள். குழந்தையைத் தாயிடம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கொடுக்காமல் நின்றீர்கள். அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், "இத்தப் பாத்துக்கோ நைனா" என்றீர்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தை உங்களை விட்டுப் போய் எத்தனை வருஷம்! வீட்டுக்கு வந்து, மத்திக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வார்த்தை வராமல் போனதை ஊரே பார்த்தது. எனக்கும் போனதை நீங்கள் மட்டும்தான் பார்த்தீர்கள். எஸ்தரைப் புதைத்த நாளிலிருந்து நான் எந்த ஜெபத்துக்கும் வாய் திறந்ததில்லை. மண்டபத்திலும் இல்லை, லுத்தரன் கோயிலிலும் இல்லை, அந்த ஓலைக் கோயிலிலும் இல்லை. ஐயர் மனைவியாக முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் "இரங்கும்" என்று சொல்லும்போது உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தேன். எதற்கு இரங்கச் சொல்வது? அன்று இரங்கினாரா? நீங்கள் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காததே எனக்குப் பொறுக்கவில்லை. திருவொற்றியூர்க் கடற்கரையில் ஒரு மாலை நானே கேட்டேன். "ஊரு சனத்துக்கெல்லாம் ஜெபம் சொல்லித் தர்றீங்க. வூட்ல ஒருத்தி வாயத் தொறக்காம குந்திகினு கீறாளே, அவள ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

நீங்கள் கரையைக் காட்டினீர்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் விரித்த பெரிய வலையை, கரையில் நின்று முப்பது நாற்பது பேர் கயிற்றைப் பிடித்து இழுக்கிற இழுப்பு. வரிசையின் கடைசியில் வற்றிப்போன வயசாளி ஒருவர்.

"அந்தக் கெயவரு இழுக்குறாரா?"

"எங்க இழுக்குறாரு? கையி சும்மா கயித்து மேல கீது."

"வலை வந்தா அவருக்கு மீன் குடுப்பாங்களா, மாட்டாங்களா?"

கொடுப்பார்கள். கயிற்றில் கை வைத்தவருக்குப் பங்கு இல்லை என்று சொல்வது அந்தக் குப்பங்களில் வழக்கம் இல்லை. அது எனக்கும் தெரியும்.

"நீ வந்து குந்திகினு கீற இல்ல, அது போதும். உனக்கும் சேத்துத்தான் அவங்கல்லாம் சொல்லிகினு கீறாங்க. எனக்கும் அப்பிடித்தான சொன்னாங்க" என்றீர்கள்.

அன்று அழுதேன். ஆனால் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிறு வந்தது. உங்கள் நெஞ்சு வலி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. உங்கள் அடக்கத்தில் லுத்தரன்காரர்கள் புத்தகத்தில் எழுதியிருப்பதை வாசித்து முடித்ததும், தேவசகாயம் அண்ணன் முன்னால் வந்து, "எங்க பாஸ்டருக்கு நான் ஒரு ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று கேட்டு, மண்டபத்து முறையில் வானம் கேட்கக் கதறினார். புது ஐயர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். நீங்கள் இருந்து பார்த்திருந்தால் அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பீர்கள். நான் அதற்கும் ஆமென் சொல்லவில்லை. மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வந்தேன்.

நான் சொல்ல வந்தது போன ஞாயிறு நடந்தது. இப்போது நான் முன்வரிசையில் உட்காருவதில்லை. கடைசியில், கதவுப் பக்கம். என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள். தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவள், எனக்கு முகம் மட்டும் தெரியும். மாரில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. இடுப்பில் பிள்ளை இல்லை. அந்த வாரம் அடக்கம் நடந்தது எவளுடைய குழந்தைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஐயர் வாசிக்க ஆரம்பித்தார். சனங்கள் பதில் சொன்னார்கள். அவள் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இறுக்கம் எனக்குத் தெரியும். அடுத்த வரி வந்தது. கோயில் மறுபடி பதில் சொன்னது. அவளும் நானும் சும்மா இருந்தோம். அதற்கடுத்த வரி வந்தபோது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லைங்க. இந்தப் பெண்ணுக்காக யாராவது சொல்ல வேண்டுமே என்று இருந்தது. அவள் கையை என் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன். "இரங்கும்" என்று சொன்னேன்.

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாள்போல் கரகரவென்று வந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் சொன்னேன். ஒன்றைக்கூட விடவில்லை. முடியும்போது முந்தானை நனைந்திருந்தது. அவள் அப்போதும் வாய் திறக்கவில்லை. ஆனால் கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

நீங்கள் இதைக் கேட்காமல் போய்விட்டீர்களே என்ற ஆற்றாமை எனக்குத் தீரவே தீராது. நீங்கள் இருந்தபோதே ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சரி. அந்தப் பெண் நாளை ஞாயிறு ஆராதனைக்கு வருவாளோ மாட்டாளோ தெரியாது. வந்தால் அவள் பக்கத்தில்தான் உட்காருவேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். அவளுக்கு வார்த்தை வருகிற வரைக்கும், எத்தனை வருஷமானாலும், அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிக்கொண்டிருப்பேன்.